சீனர் வீதியில் ஒரு மருந்துக் கடை

2024-ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரம், சிங்கப்பூரின் சௌத் பிரிட்ஜ் சாலை வழியே நாம் நடந்து சென்றோம். செந்நிறத் தோரணங்களுக்கும் ஆரஞ்சுக் கூடைகளுக்கும் இடையே நம்மை முதலில் ஈர்த்தது மருந்துக் கடைகளின் மணமே. சுக்கு, பட்டை, அதிமதுரம், உலர்ந்த ஆரஞ்சுத் தோல்! கண்ணை மூடி நின்றால் நம் ஊர் நாட்டு மருந்துக் கடைதான். மலாயாவின் ஈயச் சுரங்க ஊராகிய கோப்பெங்கில் 1879-இல் தோன்றிய யூ யான் சாங் கடை, 1910-இல் இச்சாலையிலும் கிளை திறந்தது.

நாம் நுழைந்ததோ பக்கத்துச் சந்தில் இருந்த சிறு கடை. சுவர் முழுதும் இழுப்பறைகள். கடைக்காரர் வேர்களை ஒற்றைத் தட்டுக் கைத்தராசில் நிறுத்துக் காகிதத்தில் குவித்துக்கொண்டிருந்தார். கூட்டம் மிகுதி. புத்தாண்டு நாளன்று மருந்து காய்ச்சினால் ஆண்டெல்லாம் நோய் தொடரும் என்பது சீனரின் பழைய நம்பிக்கை. அதற்குள் மருந்துண்டு முடிக்கவே இவ்வளவு விரைவு. (இத்தகைய நம்பிக்கைகளுக்கு நம் வீடுகளிலும் பஞ்சமில்லை.)

நம்முடன் வந்த பெரியம்மா அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர். உடம்பைப் புதுப்பிக்கும் கஷாயம் ஒன்று வாங்க விரும்பினார். உள்ளே அமர்ந்திருந்த முதிய வைத்தியர், நாடி பார்க்குமுன், வேறு மருந்து உண்டா என மலாய் மொழியில் வினவினார். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பதாகவும், இனி அதை நிறுத்திவிடலாம் என எண்ணுவதாகவும் பெரியம்மா கூறினார்.

"அதை நிறுத்துவதானால் என்னிடம் வராதீர்கள்" என்றார் வைத்தியர்.

பல சீனக் கஷாயங்களில் சேரும் அதிமதுரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது. இருமலுக்கென்று அதை ஓயாது மெல்லும் நம்மவரும் இதனை அறிதல் நன்று. பெரியம்மாவுக்குக் கிடைத்தது கஷாயமன்று. கொஞ்சம் உலர்ந்த சாமந்திப் பூவும் சில புத்திமதிகளுமே.

சீன மருத்துவக் கணக்கில் பெப்ருவரி 4 அளவில் வசந்தம் பிறக்கிறது. குளிர்காலத்தில் உள்ளே ஒடுங்கிய ஆற்றல் மேலெழும் காலம் அது. அதற்குரிய உறுப்பு ஈரல். ஈரலைக் கெடுப்பது சினம். ஆதலால் அதிகாலையில் எழுந்து உலாவுதல், பசுங்கீரை உண்ணுதல், சினந்தணிதல் ஆகியன வசந்தகால விதிகள். பனியே காணாத சிங்கப்பூரில் வசந்தம் ஏது என்று நாம் கேட்டோம். வைத்தியர் நகைத்தார். "இங்கே வெப்பத்தையும் ஈரத்தையும் பார்த்தே மருந்து கொடுக்கிறோம். கோபத்திற்குப் பனி வேண்டியதில்லையே!"

பெரியம்மா முகம் மாறியதைக் கண்டோம். தம்பி வீட்டு வாசலை அவர் மிதித்து ஆறு ஆண்டுகள். தாயின் நகையொன்றைப் பற்றிய மனத்தாங்கல்.

திரும்பும் வழியில் தோங் சாய் மருத்துவ நிலையத்தின் பழைய மனையைக் கண்டோம். இன, மத வேறுபாடின்றி ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்யவென்றே 1867-இல் தோன்றிய அறநிலையம் அது. 1892-இல் எழுந்த அம்மனை 1973-இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. நிலையம் 1976-இல் சின் சுவீ சாலைக்கு மாறியது. சீன மொழி அறியாத ஏழைக்கும் அங்கே இடமிருந்தது என்பது நம்மை நெகிழச் செய்தது.

பெப்ருவரி 10, புத்தாண்டு நாள். குவீன் வீதியிலுள்ள புனித இராயப்பர் சின்னப்பர் ஆலயத்திற்குச் சென்றோம். 1870-இல் எழுந்த இவ்வாலயத்தில் தொடக்கத்தில் சீனரும் தமிழரும் ஒருங்கே வழிபட்டனர். தமிழருக்கென லூர்து அன்னை ஆலயம் 1888-இல்தான் அமைந்தது. நான்கு நாளில் திருநீற்றுப் புதன்.

வெளியே வந்ததும் பெரியம்மா இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் வாங்கினார். புத்தாண்டில் உறவினர் வீட்டுக்கு இணைப் பழம் கொண்டு சென்று இரு கைகளாலும் கொடுப்பது சீனர் வழக்கம்.

"பெரியம்மா, யார் வீட்டுக்கு?" என்றோம்.

"தவக்காலம் வருமுன் கொடுத்துவிட வேண்டும்" என்று மட்டும் சொல்லி, தம்பியின் பேட்டைக்குச் செல்லும் பேருந்தில் ஏறினார்.