உதைபந்தாட்ட வீரர் விளைந்த ஊர்

ஸ்கொட்லாந்தின் பெருநகராகிய கிளாஸ்கோவிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 30 மைல் சென்று, டக்ளஸ் என்னும் சிற்றூரின் அருகே மேற்கே திரும்பினால், வீடுகள் படிப்படியாக அருகிக்கொண்டே வரும். மரங்களும் அருகும். புல்லும் சதுப்பும் போர்த்த மொட்டை மேடுகளும், அவற்றின்மேல் வெள்ளைப் புள்ளிகளெனத் தோன்றும் செம்மறியாடுகளுமே பின்னர்க் கண்ணுக்குத் துணை. அவ்வழியே இன்னும் சில மைல் சென்றதும் வீதியோரத்தில் ஓர் ஏரி தென்படும். அது இயற்கையாய் அமைந்ததன்று. கற்றீன் என்னும் ஊரிலிருந்த பருத்தியாலைகளுக்கு நீர் வழங்கும் பொருட்டு 1802ஆம் ஆண்டில் அணைகட்டித் தேக்கப்பட்டது. அவ்வேரியைக் கடந்து சிறு பாதையொன்றில் இறங்கினால் வருவது கிளென்பக்.

'வருவது' என்று எழுதிவிட்டோம். உண்மையில் அங்கே ஊர் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. நாம் சென்றது ஆவணி மாதத்து நண்பகல்; எனினும் மார்கழி விடியலைப்போலக் குளிர்ந்து தூறிக்கொண்டிருந்தது. தெருவில்லை, கடையில்லை, பள்ளிக்கூடம் இல்லை. புல்வெளியின் நடுவே நினைவுச்சின்னமாக ஒரு கருங்கல் நிற்கிறது. அதைச் சுற்றிச் சிவப்பு நிறக் கழுத்துச் சால்வைகள், மழையில் நனைந்தும் வெயிலில் வெளுத்தும், கட்டப்பட்டுக் கிடக்கின்றன. யாரோ தொலைவிலிருந்து வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மக்கட்டொகை எக்காலத்தும் ஈராயிரத்தை எட்டியிராத இவ்வூர், ஏறத்தாழ 50 தொழில்முறை உதைபந்தாட்டக்காரரை உலகுக்குத் தந்தது. இங்கு பிறந்த சாண்டி ரெயிற், 1901ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எவ். ஏ. கிண்ணத்தை வென்ற ரொற்றன்ஹாம் ஹொற்ஸ்பர் அணியில் ஆடினார். 'செரிப்பிக்கேர்ஸ்' என்பது ஊர்க் கழகத்தின் பெயர். செரிப்பழம் பறிப்போர் என்பது பொருள். செரி மரமொன்றையும் நாம் அங்குக் காணவில்லை!

இத்தனை வீரர் ஒரே ஊரில் தோன்றியது எப்படி? நீரின் மகிமை என்றோ காற்றின் மகிமை என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். நமக்குத் தோன்றும் காரணம் வேறு. ஊரில் ஆண்மகனுக்கு இருந்த தொழில் ஒன்றே: நிலக்கரி வெட்டுதல். சுரங்கத்தினுள் புகாது வாழ வேண்டுமாயின், பந்து ஒன்றே வழி. நகரத்துச் சிறுவனுக்கு உதைபந்தாட்டம் பொழுதுபோக்கு. இங்கோ அது நிலத்தடியிலிருந்து மேலேறும் ஏணி.

அந்த ஏணியில் மிக உயரம் ஏறியவர் பில் ஷாங்க்லி. அவர் 1913ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் இவ்வூரிற் பிறந்தார். தந்தையார் தையற்காரர். பிள்ளைகள் பதின்மர், ஆண்கள் ஐவர், பெண்கள் ஐவர். ஆண்மக்கள் ஐவருமே தொழில்முறை ஆட்டக்காரராயினர் என்றால் அக்குடும்பத்தின் சிறப்பைக் கூறவும் வேண்டுமோ? அவர்களுள் பொப் ஷாங்க்லி பிற்காலத்தில் டண்டீ கழகத்தின் முகாமையாளராகி, 1962ஆம் ஆண்டில் அதனை ஸ்கொட்லாந்தின் வாகையர் ஆக்கினார்.

பில் 14 வயதிற் பள்ளியை விட்டுச் சுரங்கத்திற் சேர்ந்தார். முதலில் மேற்தளத்தில் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கும் வேலை; சில மாதங்களின் பின் நிலத்தடியில். குளிக்க அறை கிடையாது; கரி படிந்த உடலோடு வீடு வந்து தொட்டியிற் கழுவ வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் முற்றாகத் துப்புரவாக முடிவதில்லை என அவர் பிற்காலத்திற் சொல்வதுண்டு. ஓரிரு ஆண்டுகளில் அச்சுரங்கமும் மூடப்பட்டது. பிள்ளை வேலையின்றி நின்றார். ஊர்க்கழகமும் ஏறத்தாழ அக்காலத்திலேயே கலைந்ததால், பல மைல் தொலைவிலுள்ள குறோன்பெரி என்னும் ஊரின் அணிக்குத் துவிச்சக்கரவண்டியிற் சென்று ஆடினார்.

சுரங்கம் மூடப்பட்டதும் மக்கள் வேறிடம் பெயரத் தொடங்கினர். வீடுகள் ஒவ்வொன்றாக வெறுமையடைந்தன. இதுவரை எத்தனையோ ஊர்களின் கதைதான். ஆனால் கிளென்பக்கின் விதி அதோடு நிற்கவில்லை. 1990களில் திறந்த சுரங்க முறையிலே நிலத்தை மேலிருந்தே அகழ்ந்து கரி எடுக்கப் பொறிகள் வந்தன. முன்னோர் குனிந்தும் தவழ்ந்தும் வெட்டியதன் எச்சத்தை அவை அள்ளின. ஊர் இருந்த தடத்தையும் உடன் அள்ளின. 2013ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் நொடித்துப்போயிற்று. மலையருகே பெரும் பள்ளங்கள் எஞ்சின. முன்சொன்ன நினைவுக்கல் 1997ஆம் ஆண்டில் நாட்டப்பட்டது. லிவர்பூல் அணியின் அன்பரோடு அந்நிலக்கரி நிறுவனமும் அதிற் பங்குகொண்டது. ஊரைத் தோண்டியவரே ஊருக்கு நடுகல் எடுத்த விந்தையை வேறெங்கும் நாம் கேள்வியுற்றதில்லை. அண்மைக் காலத்தில் அவ்விடத்தைப் பேணி, பழைய ஊரின் அமைப்பை வருவோர் உணருமாறு செய்துள்ளனர், அது ஆறுதலே.

இவ்வூரைக் கண்டவர் லிவர்பூலையும் காணாது திரும்புவது கோபுரத்தைக் கண்டு மூலத்தானத்தைக் காணாது திரும்புவதற்கு ஒப்பாகும். கிளாஸ்கோவுக்கு மீண்டு புகையிரதம் ஏறினோம். அப்பாதை ஷாங்க்லியின் வாழ்க்கை வரலாற்றையே வரிசைப்படி வாசித்துக் காட்டுவது போல் அமைந்திருப்பது வியப்பு. எல்லையைத் தாண்டியதும் வரும் முதற் பெரு நிலையம் கார்லைல். 1932ஆம் ஆண்டில், 18 வயதிளைஞராய், அவர் முதன்முதலாகச் சம்பளத்துக்கு ஆடியது இங்கேதான். அடுத்த ஆண்டே 500 பவுண் விலைக்குப் பிறெஸ்ரன் நோர்த் என்ட் கழகம் அவரை வாங்கிற்று.

கார்லைலை விட்டு மலைகளூடே தெற்கிறங்கும் வண்டி பிறெஸ்ரனில் நிற்கிறது. மாணாக்கர் நினைவிற் கொள்ளத்தக்க ஓர் ஆட்டம் இக்கழகத்தினுடையது. 1938ஆம் ஆண்டு எவ். ஏ. கிண்ண இறுதியாட்டம், எதிரணி ஹடர்ஸ்பீல்ட். இரு பக்கமும் கோல் இல்லை; மேலதிக நேரமும் முடியும் தறுவாய். கடைசி நிமிடத்திலே தண்ட உதையொன்று கிடைத்தது. ஜோர்ஜ் மற்ச் உதைத்த பந்து கோற்கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் மோதி உள்ளே புகுந்தது. பிறெஸ்ரனின் நடுக்களத்தில் நின்றவர் ஷாங்க்லி. அவ்வாண்டிலேயே ஸ்கொட்லாந்து தேசிய அணியிலும் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு உலகப்போர் மூண்டது. ஆட்டக்காரனுக்குப் பொன்னான பருவம் 26 முதல் 33 வயது வரை. அது முழுவதையும் போர் கொண்டுபோயிற்று. அதுபற்றி அவர் புலம்பியதாக நாம் அறியோம்.

1949இல் ஆட்டத்தை விட்டு முகாமையாளரானார். கார்லைல், கிறிம்ஸ்பி, வேர்க்கிங்ரன், ஹடர்ஸ்பீல்ட் என நான்கு கழகங்களைப் பத்தாண்டுகளில் நடத்தினார். கிண்ணம் ஒன்றும் கிட்டவில்லை. நல்ல வீரரை வாங்கப் பணம் கேட்பார். இயக்குநர் சபை கையை விரிக்கும். பத்தாண்டு வெறுங்கையோடு நின்றவரை இன்று எந்தக் கழகமாவது அழைக்குமோ என்பது ஐயமே.

1959ஆம் ஆண்டு டிசெம்பரில் லிவர்பூல் அழைத்தது. நகரின் வடபுறத்தில் அன்பீல்ட் என்னும் பகுதியிலே, செங்கல் வீடுகள் நெருக்கமாய் நிற்கும் தெருக்களின் நடுவே அரங்கு எழுந்து நிற்கிறது. இன்று அது கண்ணைப் பறிக்கும் பெருங்கட்டடம். அன்றோ, கழகம் இரண்டாம் பிரிவில் ஆண்டுக்கணக்காய்த் தேங்கிக் கிடந்தது. புல்தரைக்கு ஒழுங்காக நீர் இறைக்கவும் வசதியில்லை. மெல்வூட் என்னும் பயிற்சித் திடல் மேடும் பள்ளமும் புதருமாய் இருந்தது. புதியவர் முதலிற் செய்தவை இரண்டு. அணியிலிருந்த 24 ஆட்டக்காரர் போகவேண்டியவர் என்று பட்டியல் வகுத்தார். ஆனால் பொப் பெய்ஸ்லி, ஜோ பேகன், றூபன் பெனற் முதலிய பயிற்றுநர் ஒருவரையும் அகற்றவில்லை. புதிதாய் வரும் தலைவர்கள் பெரும்பாலும் தம் ஆட்களோடு வருவர். இவரோ இருந்தவரை நம்பினார். கைம்மாறாகக் கேட்டது விசுவாசம் ஒன்றையே.

அவர் வகுத்த பயிற்சி முறையைக் கவனித்தால், கிளென்பக் நமக்குத் தெளிவாக விளங்கும். வீரர் அன்பீல்டில் கூடி, அங்கேயே உடைமாற்றி, ஒரே பஸ்வண்டியில் மெல்வூட்டுக்குச் செல்வர். பயிற்சி முடிந்ததும் வியர்வையோடு அதே வண்டியில் மீண்டு, உடல் தணிந்தபின் குளித்து ஒன்றாக உண்பர். சுரங்கத் தொழிலாளர் முறைவேலைக்குக் கூடிச் சென்று கூடித் திரும்பும் வழக்கமன்றோ இது! மரப்பலகைச் சுவர்கள் சூழ்ந்த கூடமொன்றில் ஒருவனை நிறுத்தி, எப்பக்கமும் மோதித் திரும்பும் பந்தை ஓயாது உதைக்கச் செய்வார்கள். இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டும். இவையன்றி ஐவருக்கு ஐவர் ஆடும் சிற்றாட்டமே நாள்தோறும். பந்தைப் பெறு, அடுத்தவனுக்குக் கொடு, கொடுத்தபின் அவனுக்கு உதவ ஓடு என்பதே பாடம். நிலத்தடியில் ஒருவன் முட்டுக்கொடுத்த மரத்தை நம்பியே மற்றவன் கரி வெட்டுகிறான். அங்கே தனிப்புகழுக்கு இடமில்லை. எல்லாரும் ஒருவருக்காக ஒருவர் உழைத்து, பலனையும் எல்லாரும் பகிர்வதே தாம் நம்பும் பொதுவுடைமை என்று அவர் கூறுவது வழக்கம். அது நூலிற் படித்து வந்த கொள்கையன்று.

1961ஆம் ஆண்டில் இயக்குநர் சபை ஒருவாறு பணப்பையை அவிழ்த்தது. இயன் சென்ற் ஜோன், றொன் யேற்ஸ் என்னும் இரு ஸ்கொட்லாந்தியர் வந்தனர். 1962இல் முதற்பிரிவு, 1964இல் நாட்டின் வாகை. 1965இல் லீட்ஸை வென்று கழக வரலாற்றிலேயே முதன்முறையாக எவ். ஏ. கிண்ணம். அவ்விறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே ஜெரி பேர்ன் என்னும் காப்பு வீரரின் காறையெலும்பு முறிந்தது. மாற்று வீரரை இறக்க அக்காலத்தில் விதி இடந்தரவில்லை. எதிரணி அறியாதவாறு, மேலதிக நேரம் உட்பட இரண்டு மணிநேரத்தை அவர் ஆடி முடித்தார். 1966இல் மீண்டும் வாகை. பருவம் முழுவதற்கும் பயன்பட்டோர் 14 பேர் மட்டுமே.

குறையும் இருந்தது, அதை மறைப்பது நேர்மையாகாது. காயமடைந்து கிடக்கும் வீரனை அவர் ஏறெடுத்தும் பாரார். அவனிடம் பேசவும் மாட்டார். ஆட முடியாதவன் அணிக்கு உதவான் என்பது அவர் கணக்கு. இவ்வளவு பரிவுள்ள மனிதரிடம் இவ்வளவு கடுமை எங்ஙனம் குடியேறிற்று? வேலைக்கு வர இயலாதவனுக்குச் சம்பளம் இல்லாத ஊரில் வளர்ந்தமை காரணமாகலாம். காரணம் எதுவாயினும் அது கொடுமையே.

1966க்குப் பின் ஏழாண்டு வறட்சி. பழைய அணியைக் கலைத்து, கெவின் கீகன் போன்ற இளைஞரைக் கொண்டு மீண்டும் கட்டினார். 1973இல் நாட்டின் வாகையும் ஐரோப்பிய யூவேபா கிண்ணமும் ஒருசேர வந்தன. அவ்வாண்டு வெற்றி உலாவின்போது இரசிகன் ஒருவன் தன் கழுத்துச் சால்வையை அவரை நோக்கி எறிந்தான். பொலிஸ்காரர் ஒருவர் அதைக் காலால் ஒதுக்கினார். ஷாங்க்லி குனிந்து எடுத்துத் தம் கழுத்தில் அணிந்துகொண்டார். அது ஒருவனின் உயிர் என்ற பொருள்பட அப்பொலிஸ்காரரைக் கடிந்தும் கொண்டார்.

1974இல் மீண்டும் எவ். ஏ. கிண்ணம். அதே ஆண்டு யூலையில், 60 வயதில், பதவியைத் துறப்பதாக அறிவித்தார். நகரம் நம்ப மறுத்தது. சில வாரங்களில் அவரே வருந்தினார் என்பது பலர் கூற்று. பழக்கத்தை விடமாட்டாது காலையில் மெல்வூட்டுக்குப் போவார். வீரர் அவரையே இன்னும் தலைவர் என விளித்தனர். புதிய முகாமையாளராகிய பெய்ஸ்லிக்கு அது இடர்ப்பாடு. நாளடைவில் தாம் விரும்பப்படாதவர் என்பதை உணர்ந்து ஷாங்க்லி அங்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார். எதிர்க் கழகமாகிய எவேட்டனின் பயிற்சித் திடல் அவர் வீட்டுக்கு அருகே இருந்தது. அங்கே அன்போடு வரவேற்றனர். யார்மேற் குற்றம் சொல்வது? இருவரும் நிலக்கரி நாட்டுப் பிள்ளைகள்; பெய்ஸ்லியும் டேர்ஹாம் பகுதிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அவர் 1977, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார். மூன்றாவது வெற்றி நிகழ்ந்த அதே 1981ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் ஷாங்க்லி காலமானார்.

அரங்கின் புறத்தே அவரது வெண்கலச் சிலை நிற்கிறது. கழுத்தில் சால்வை, இரு கைகளும் விரிந்தபடி. மக்களை மகிழ்வித்தவர் என்பது பீடத்திலுள்ள வாசகத்தின் பொருள். நாம் தேடிச் சென்றதோ பழைய சப்பாத்தறையை. வீரரின் சப்பாத்துகள் தொங்கிய அச்சிற்றறையிலேதான், பியர்ப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அமர்ந்து, பெய்ஸ்லியும் பேகனும் பெனற்றும் அடுத்த ஆட்டத்தைப் பேசி முடிவுசெய்தனர். நாள்தோறும் நடந்த பயிற்சியைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். ஆனால் அவ்வறை 1993ஆம் ஆண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. அவ்விடம் பத்திரிகையாளருக்குத் தேவைப்பட்டதாம்.