தீய்ந்த ரிலே

'ரிலே' என்றதும் தோழியர் பலருக்கு நம் விளையாட்டு விழாவில் கோலைக் கைமாற்றி ஓடும் தொடர் ஓட்டமே நினைவுக்கு வரும். நாங்கள் எழுதப் புகுவது காருக்குள் இருக்கும் ரிலேயைப் பற்றி. பெரிய நெல்லிக்காய் அளவே உள்ள கறுப்பு டப்பா அது. ஒருவகையில் அதன் வேலையும் கைமாற்றுவதுதான். சிறு மின்னோட்டம் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைக் காந்தமாக்கும். காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு போய்த் தொட்டதும் பெரிய மின்னோட்டத்துக்கு வழி பிறக்கும். 1835-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி இதைச் செய்து காட்டினார். முதலில் தந்திக்குப் பயன்பட்டது; பின்னர் காருக்கும் வந்து சேர்ந்தது.

நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். பதினோராம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம். எங்கள் அப்பா திருச்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். வீட்டு அடுப்பு எரிவது அந்தக் காரால்தான். சென்ற மே விடுமுறையில் அந்தக் கார் கொதிக்கத் தொடங்கியது. விராலிமலை சாலையில் வேகமாகப் போகும்போது ஒன்றுமில்லை; காந்தி மார்க்கெட் நெரிசலில் நின்றால் போதும், வெப்பம் காட்டும் முள் மளமளவென்று மேலே ஏறும். ஒரு பட்டறையில் காட்டியபோது, "இஞ்சினைப் பிரிக்கணும், ரூ. 18,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டு வளையல்களையும் கழற்றி அலமாரியில் தனியாக வைத்தார். அவை அடகுக்கடைக்குப் போகின்றன என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. "இஞ்சின் கெட்டுப்போயிருந்தா ஹைவேயிலயும் கொதிக்கணும்ல பாப்பா? நிக்கும்போது மட்டும் ஏன் கொதிக்குது?" என்று எங்களைக் கேட்டார். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது மின்விசிறிதான் அதைச் செய்யவேண்டும். மறுநாள் காலை வாசலில் காரை நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டோம். முள் ஏறியது, விசிறி அசையவே இல்லை. ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தோம், அப்போதும் அசையவில்லை.

இஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஃபியூஸ் நன்றாக இருந்தது. விசிறியின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்ததும் 'விர்'ரென்று சுற்றியது. ஆகவே மோட்டாரும் நலம். மிச்சம் இருந்தது ரிலே. அதைப் பிடுங்கியதும் கருகிய பிளாஸ்டிக் வாடை வந்தது. பக்கத்தில் ஹாரனுக்கும் ஒரு ரிலே இருந்தது. இரண்டிலும் கால்களின் அமைப்பும் ஆம்பியர் அளவும் ஒன்றே என்று பார்த்தபின், ஹாரன் ரிலேயை விசிறியின் இடத்தில் செருகினார் அப்பா. ஏ.சி.யைப் போட்டதும் விசிறி சுழன்றது! அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

தீய்ந்த ரிலேயைச் சோதிக்கும் வேலை எங்களுடையது. அதன் கால்களில் 30, 85, 86, 87 என்று எண்கள் உண்டு. 85, 86 சுருளுக்கு உரியவை. 30-இல் வரும் பெரிய மின்னோட்டம் 87 வழியாக வெளியே போகும். சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்ததும் 'டிக்' என்று சத்தம் கேட்டது. ஆனால் 30-க்கும் 87-க்கும் இடையே வைத்த சோதனை விளக்கு எரியவில்லை. மூடியைத் திறந்தால், தொடுமுனைகள் இரண்டும் கரியாகிக் கிடந்தன. சத்தம் வருகிறதே, ரிலே நன்றாகத்தான் இருக்கிறது என்று எத்தனை பேர் ஏமாந்திருப்பார்களோ!

புது ரிலேயின் விலை ரூ. 180. அதை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணினால், அப்பா விடவில்லை. "சும்மா எரியாதும்மா, காரணம் இருக்கும்" என்று டார்ச்சை எடுத்து ரிலே உட்காரும் குழியைப் பார்த்தார். 87-ஆம் காலைப் பிடிக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்து, பழுப்பேறி இருந்தது. அங்கேதான் எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. இத்தனை சூடு ஏறியும் ஃபியூஸ் ஏன் போகவில்லை?

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். விசிறி 15 ஆம்பியர் இழுப்பதாகவும், தளர்ந்த கவ்வியின் மின்தடை 0.1 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்க, 22.5 வாட். வானொலி பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் 25 வாட்! விரல்நுனி அளவு இடத்தில் அத்தனை சூடு இருந்தால் பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? ஃபியூஸோ மின்னோட்டம் மிகுந்தால் மட்டுமே போகும். தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை. சற்றுக் குறைக்கவே செய்யும். சூடு வேறிடத்தில் ஏறுவது ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் சூத்திரம் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் விடையை அவர் எங்களுக்கு முன்பே விரலால் தொட்டுக் காட்டிவிட்டார்.

பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிவிட்டு, கருகிய ஒயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதுக் கவ்வியை இறுக்கிப் பொருத்தினார். ரிலேயைத் தவிர்த்து ஒயரை 'டைரக்ட்' ஆகக் கொடுத்துவிடலாம் என்று ஸ்டாண்டில் ஒருவர் யோசனை சொன்னாராம். அப்படிச் செய்தால் வண்டி நிற்கும்போதும் விசிறி ஓடி, விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். அப்பா அதற்கு ஒப்பவில்லை.

அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே இஞ்சினை ஓடவிட்டோம். முள் பாதியைத் தாண்டவில்லை. விசிறி தானாக ஓடியது, தானாக நின்றது. ஹாரன் ரிலேயும் தன் இடத்துக்குத் திரும்பியிருந்ததால் அப்பா ஒரு முறை ஹாரனை அடித்துக் காட்டினார். சனிக்கிழமை வேளாங்கண்ணி சவாரிக்கு வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். அம்மா வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தீய்ந்த ரிலேயைப் பள்ளி திறந்ததும் இயற்பியல் ஆசிரியையிடம் கொடுத்தோம். மூடி இல்லாமல் ஆய்வுக்கூட அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. 12 வோல்ட் கொடுத்தால் இன்றும் 'டிக்' என்று சத்தம் போடும்.