அடைப்பைச் சுடும் ஒலி

முதலில் அரிப்புதான். ராத்திரியானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். சோப்பை மாற்றிப் பார்ப்பார், எண்ணெய் தடவிப் பார்ப்பார். பிறகு ஒருநாள் காலை வெளிச்சத்தில் மனைவிதான் கவனிப்பார். “ஏங்க, கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?”

வலி இருக்காது. ஏமாந்துபோவது அதனால்தான். காமாலை என்றதும் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம் என்று மூன்று வாரம் ஓடிவிடும். அறுபதைத் தாண்டியவருக்கு வலியே இல்லாமல் காமாலை வந்து, சிறுநீர் அடர்ந்து, மலம் வெளுத்துப்போனால் ஸ்கேன் எடுப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

பித்தநாளப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் முகம் காட்டுகிறது. கல்லீரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது. அது குடலுக்கு இறங்கும் குழாயோ ஒரு பென்சில் பருமன்கூட இல்லை. அதன் சுவரில் கட்டி முளைத்தால் பாதை அடைபடும். முழுதாக வெட்டியெடுக்க முடிந்தால் நல்லது. ஆனால், பலருக்குத் தெரியவரும்போதே கட்டி பக்கத்து ரத்தக்குழாய்களைப் பற்றியிருக்கும்.

அவர்களுக்குக் கை கொடுப்பது ஸ்டென்ட். வாய் வழியாக எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தக்குழாயின் வாயைத் தேடிப்பிடித்து, மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, அதன்மேல் ஸ்டென்ட்டை ஏற்றுகிறார்கள். சில நாளில் அரிப்பு அடங்கும். ரசம் சோறு மறுபடி ருசிக்கும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்றால் சுமார் மூன்று மாதத்தில் அதுவும் அடைத்துக்கொள்ளும். குளிர்க்காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி. உலோக ஸ்டென்ட் கூடுதல் காலம் தாங்கும், செலவும் கூடும். வீட்டுக் காலண்டரில் பண்டிகைகளோடு ஸ்டென்ட் மாற்றும் தேதியும் இடம்பிடித்துவிடும்.

“வழியைத் திறக்கறீங்க, சரி. அடைக்கிறதை ஒண்ணும் பண்ண முடியாதா டாக்டர்?”

நியாயமான கேள்வி. இதற்குத்தான் பிரான்ஸில் ஃப்ரெடெரிக் பிராட் என்ற குடல்நோய் மருத்துவரும், லியோன் நகர ஆய்வுக்கூடத்தின் சிரில் லாஃபோனும் ஒலியில் விடை தேடினார்கள். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான். ஆனால், பல மடங்கு வீரியத்தோடு. வீரியம் கூடினால் அது உயிருள்ள திசுவை என்ன செய்யும் என்பது முதல் உலகப் போர்க் காலத்திலேயே தெரிந்துவிட்டது. நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க பிரெஞ்சு விஞ்ஞானி பால் லாஞ்செவன் தண்ணீருக்குள் ஒலியைப் பாய்ச்சியபோது குறுக்கே வந்த மீன்கள் செத்தன. கையை விட்டால் வலித்தது.

உடலுக்கு வெளியே இருந்து பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல ஒலியைக் குவித்துக் கட்டியைச் சுடும் முறை உண்டு. பித்தக்குழாய்க்கு அது சுலபமில்லை. விலா எலும்பு மறைக்கும், குடல் காற்று ஒலியைத் திருப்பிவிடும், மூச்சுக்கு மூச்சு கல்லீரல் நகரும். ஆகவே, ஒலிக்கருவியையே உள்ளே அனுப்பினார்கள். ஸ்டென்ட் போகும் அதே வழிதான். மெல்லிய குழலின் நுனியில் ஒரு குட்டிப் படிகம், விநாடிக்கு ஒரு கோடி முறை அதிரும். சில மில்லிமீட்டர் தூரத்துக்கு ஒலியைக் குவிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பக்கம் சுட்டுவிட்டு, குழலைக் கொஞ்சம் திருப்பி அடுத்த பக்கம். இப்படியே முழு வட்டம். அறுபது டிகிரியைத் தாண்டிய சூட்டில் செல்கள் சில விநாடிகளில் வெந்துபோகும், முட்டையின் வெள்ளைக்கரு இறுகுவதைப்போல.

ஒரு நோயாளியின் பித்தக்குழாய்க் கட்டியை இப்படி அழித்ததை 2001-ல் அவர்கள் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, சிறு குழுவில் செய்த சோதனையின் முடிவு வந்தது. அதற்குப் பிறகு இது ஊரெங்கும் பரவியிருக்க வேண்டும் அல்லவா? பரவவில்லை. எண்டோஸ்கோப் வழியே ரேடியோ அலைச் சூட்டால் கட்டியைக் கருக்குவதும், மருந்து கொடுத்து லேசர் ஒளி பாய்ச்சுவதும் முந்திக்கொண்டன. அவையும் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது, எல்லோருக்கும் பொருந்தாது. ஆனாலும், ஸ்டென்ட் மாற்றப் போகிற அன்று கேட்டுப்பார்க்கலாம்.

அவர் கேட்கத்தான் போகிறார். காலண்டரில் அடுத்த தேதிக்குக் கீழே, மறந்துவிடக் கூடாது என்று மனைவி பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார்.