கிளிஞ்சல்மேட்டுக்குக் கவுன்சிலர் யார்?

காரைக்காலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் திருநள்ளாறு சனீஸ்வரனைப் பார்த்துவிட்டு, காரைக்கால் அம்மையார் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அரசலாற்றங்கரையில் மாலைக் காற்று வாங்கிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் நேரம் இருந்தால் நகரத்தை ஒட்டியே இருக்கும் கிளிஞ்சல்மேடு வரை போய் வாருங்கள். கோயில் குளம் என்று பெயர்பெற்ற ஊர் இல்லை. ஆனால் காரைக்காலைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவது நல்லது.

பெயரே அழகு. கிளிஞ்சல் தெரியும்தானே? கடற்கரையில் குழந்தைகள் பொறுக்கும் சிப்பி ஓடு. சிமென்ட் வருவதற்கு முன் நம் கடற்கரை ஊர்களில் வீடு கட்டவும் வெள்ளையடிக்கவும் சுண்ணாம்பு தந்தது அதுதான். காளவாயில் போட்டுச் சுட்டு, நீர் தெளித்தால் பூத்துவிடும். மேடு என்பது கடலோர மணல்மேடு. காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு என்று பக்கத்து மீனவர் ஊர்களின் பெயர்களிலும் அந்த மேடு இருக்கிறது. காவிரியின் கடைமடை இது. ஆறும் வாய்க்காலும் வயலும் தாழ்வாகக் கிடக்க, கடலை ஒட்டிய மணல் மட்டும் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அந்த உயரத்தில்தான் மீனவர்கள் ஊர் அமைத்தார்கள்.

விசைப்படகுகள் துறைமுகத்தில் நிற்கும். ஃபைபர் படகுகள் கரையேறிக் கிடக்கும். வலை பின்னுகிறவர்கள், ஐஸ் பெட்டி சுமக்கிறவர்கள், கூடையோடு காத்திருக்கும் பெண்கள் எல்லாம் தமிழகக் கடற்கரையில் எங்கும் பார்க்கிற காட்சிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் போனால் பெரிய படகுகள் ஓய்வெடுப்பதையும் மராமத்து நடப்பதையும் பார்க்கலாம்.

கண்ணில் படாத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கடற்கரை ஊர்களில் இரண்டு பஞ்சாயத்துகளைப் பற்றிப் பேச்சு இருக்கும். ஒன்று கூடிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று 2011-ல் கலைந்தது. பத்தாண்டுகளைத் தாண்டியும் கூடவில்லை.

கூடுகிற பஞ்சாயத்து

முதலாவது ஊர்ப் பஞ்சாயத்து. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாதது. ஆனால் கடலோரத்தில் அதன் சொல்லுக்கு இருக்கும் மரியாதை தனி. நாட்டார், பஞ்சாயத்தார் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெரும்பாலும் கோயில் வாசலில் கூடுவார்கள். வலை அறுந்த தகராறு, படகு மோதிய நஷ்டம், திருவிழாச் செலவு, எந்த வலை கூடாது, எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் அங்கேதான் தீர்ப்பு. காரைக்கால் மாவட்டத்தின் மீனவ கிராமங்களுக்குப் பொதுவான பிரச்சினை என்றால் ஊர்களின் பஞ்சாயத்தார் ஒன்றாகக் கூடுவார்கள். காரைக்கால்மேடு தலைமை கிராமம்.

2025 ஜனவரி 28 அதிகாலை, நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு ஒன்றில் இருந்த 13 மீனவர்களைப் பிடிக்க வந்த இலங்கைக் கடற்படை துப்பாக்கியால் சுட்டது நினைவிருக்கும். மீனவர்கள் காயமடைந்தார்கள். டெல்லியில் இலங்கைத் தூதரகப் பொறுப்பாளரை அழைத்து இந்தியா கண்டனம் தெரிவித்தது. இங்கே கரையில் ஊர்களைத் திரட்டிப் போராட்டத்தில் இறக்கியது மீனவப் பஞ்சாயத்துகள்தான். அந்தப் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

இரண்டாவது பஞ்சாயத்து அரசுச் சட்டப்படி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டியது. காரைக்கால் நகராட்சிக்கு 18 வார்டுகள். சுற்றிலும் கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர், சந்தை, சுடுகாடு என்று நம் வாசல்படியிலிருந்து தொடங்கும் எல்லா வேலையும் இவற்றின் பொறுப்பு. அலுவலகம் உண்டு, ஆணையர் உண்டு, ஊழியர் உண்டு. உறுப்பினர்தான் இல்லை.

பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற சொல்

கொம்யூன் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் கேட்க முடியாது. அது பிரெஞ்சுச் சொல். 1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1880 மார்ச் 12 தேதியிட்ட ஆணையின்படி பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் அமைந்தன. காரைக்கால் பகுதிக்கு முதலில் மூன்று, 1907-க்குப் பிறகு ஆறு. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், மேயர்.

பக்கத்திலேயே ஆங்கிலேயர் ஆண்ட நாகப்பட்டினம், தரங்கம்பாடி. உள்ளாட்சிக்கு வித்திட்டவர் என்று நாம் பள்ளியில் படித்த ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வந்தது 1882-ல். அதாவது காரைக்கால் அவரை இரண்டு வருஷம் முந்திக்கொண்டது! தேர்தல் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல் என்று பாகுபாடு, அடிதடி, கள்ள ஓட்டு எல்லாம் பிரெஞ்சிந்தியத் தேர்தல்களில் உண்டு. இருந்தாலும் ஓட்டு என்பது இந்த மண்ணுக்குப் பழகிய பொருள்.

அந்தக் கவுன்சிலர்களின் ஓட்டு ஒரு நாட்டின் எல்லையையே மாற்றியது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்கு மேற்கே கீழூர் கிராமத்தில் ஒரு வாக்கெடுப்பு. இந்தியாவோடு சேர்வதா, பிரான்சோடு இருப்பதா? பொதுமக்கள் எல்லோரும் ஓட்டுப் போடவில்லை. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரமன்ற உறுப்பினர்களும்தான் வாக்களித்தார்கள். மொத்தம் 178 பேர். சேரலாம் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் முடிந்தது.

சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பான உறுப்பினர்கள், இந்த மண்ணின் தலைவிதியையும் தீர்மானித்தார்கள். அப்படிப்பட்ட ஊரில்தான் இப்போது நாற்காலி காலி.

38 வருஷம், பிறகு 5 வருஷம்

இணைப்புக்குப் பிறகு 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது எப்போது தெரியுமா? 2006. நடுவில் 38 வருஷம். 1973-ல் புதுச்சேரிக்கென்று நகராட்சிச் சட்டமும் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. 1993-ல் அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் வந்தன. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல் கட்டாயம் என்று அவை சொல்கின்றன. அப்படியும் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2006-ல் ஓட்டுப்பெட்டி வந்தது. புதுச்சேரி மாநிலத்தின் 5 நகராட்சிகள், 10 கொம்யூன்கள், 98 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் உறுப்பினர்கள் கிடைத்தார்கள். 2011-ல் பதவிக்காலம் முடிந்தது.

2021-ல் மூன்று கட்டமாகத் தேர்தல் என்று தேதி அறிவித்தார்கள். வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அறிவிப்பைத் திரும்பப் பெற்று, மறுபடி தேதி அறிவித்து, அதுவும் நின்றுபோனது. சுவரில் சின்னம் வரையத் தயாரானவர்கள் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 'மேரி' கட்டடம் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக் கால நகரமன்றம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கட்டடம் எழுந்துவிட்டது. அதில் உட்கார வேண்டிய மன்றம் எழவில்லை.

எம்.எல்.ஏ. இருக்கிறாரே?

"எங்களுக்கு எம்.எல்.ஏ. பக்கத்திலேயே இருக்கிறார், கவுன்சிலர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாநிலத்தின் மக்கள்தொகை 12,47,953. சட்டமன்றத் தொகுதிகள் 30. ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சுமார் 41,600 பேர். காரைக்கால் மாவட்டத்தில் 2,00,222 பேருக்கு ஐந்து தொகுதிகள். தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சராசரியாக மூன்று லட்சம் பேருக்கு மேல்.

அதனால் இங்கே எம்.எல்.ஏ. கல்யாணத்துக்கும் வருவார், காதுகுத்துக்கும் வருவார், அடைத்த சாக்கடையையும் வந்து பார்ப்பார். வார்டுக்கு வார்டு கவுன்சிலர் வந்துவிட்டால் அந்தச் செல்வாக்கைப் பங்குபோட வேண்டும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் உள்ளாட்சித் தேர்தலுக்கு அவசரம் காட்டாததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் எம்.எல்.ஏ. செய்வது உதவி. செய்தால் நன்றி சொல்லலாம், செய்யாவிட்டால் காத்திருக்கலாம். நகரமன்றத்தில் நடப்பது கணக்கு. எந்தத் தெருவுக்கு எவ்வளவு, ஏன் இந்த வாய்க்கால் தூர்வாரவில்லை, யாருக்கு டெண்டர் என்று மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். பதில் பதிவேட்டில் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் கடைமடையான காரைக்காலில் தண்ணீர் எங்கே தேங்கும் என்பது தெருக்காரர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மாற்றலாகிப் போகிற அதிகாரியாக இல்லாமல், அடுத்த தேர்தலில் அதே தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வர வேண்டியவராக இருப்பது நல்லது.

வாசலுக்கு வெளியே நிற்பவர்கள்

ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறதே, அது போதாதா? இங்கேதான் விஷயம் முக்கியமாகிறது.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையை வாரிச் சுருட்டியது. புதுச்சேரி மாநிலத்தில் உயிர்ப்பலி பெரும்பகுதி காரைக்காலில்தான். அந்த நாளில் இந்த மாவட்டம் முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1968-க்கும் 2006-க்கும் நடுவில் விழுந்த நாள் அது. உடல்களைத் தேடியது, முகாம் நடத்தியது, நிவாரணத்துக்குப் பெயர் எழுதியது என்று அந்த இக்கட்டில் ஊர்ப் பஞ்சாயத்துகள் தோள் கொடுத்தன. அவை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

ஆனால் ஊர்ப் பஞ்சாயத்து என்பது ஊர் வரி கட்டும் ஆண்களின் சபை. மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்குகிற பெண்ணுக்கு அங்கே இருக்கை இல்லை. கணவனைக் கடலில் பறிகொடுத்தவள் தன் வழக்கைத் தானே எழுந்து சொல்ல வழக்கமில்லை. அண்ணனோ தம்பியோ பேச வேண்டும். வேறு சாதிக்காரர், வேலைக்கு வந்து தங்கியவர், வாடகைக்குக் குடியிருப்பவர் எல்லாம் ஊருக்குள் இருந்தாலும் ஊர்க் கூட்டத்துக்கு வெளியே.

நகராட்சிச் சட்டம் இதைத்தான் மாற்றுகிறது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்கிறது அரசியல் சட்டம். பட்டியலினத்தவருக்கும் ஒதுக்கீடு உண்டு. கூடை சுமக்கிற பெண் வேட்பாளராக நிற்கலாம். ஜெயித்தால் ஆணையருக்கு எதிரே உட்கார்ந்து, மீன் அங்காடியில் தண்ணீர்க்குழாய் ஏன் வரவில்லை, கழிப்பறை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்கலாம். 2006 முதல் 2011 வரை அந்தக் கதவு திறந்திருந்தது. தேர்தல் நடக்காத ஒவ்வொரு வருஷமும் அது மூடியே கிடக்கிறது. கூடுகிற பஞ்சாயத்தில் ஏற்கெனவே இடம் உள்ளவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. இடம் இல்லாதவர்களுக்குத்தான் முழு நஷ்டமும்.

நந்தலாற்றைத் தாண்டி வடக்கே போனால் தமிழ்நாடு. தரங்கம்பாடி பேரூராட்சியில் 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்குப் பாதி. அதே கடல், அதே வலை, அதே சொந்தபந்தம். ஆற்றுக்கு அந்தக் கரையில் மாமியார் வார்டு உறுப்பினராகலாம்; இந்தக் கரையில் மருமகள் ஓட்டுக்கூடப் போட முடியாது. கொம்யூன் என்ற சொல்லைத் தந்த பிரான்சில் இன்றும் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. சில நூறு பேர் வாழும் குக்கிராமத்துக்கும் மேயர் உண்டு.

போகிறவர்களுக்கு

சென்னை எழும்பூரிலிருந்து காரைக்காலுக்கு ரயில் உண்டு. புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாகப் பேருந்தில் சுமார் 130 கிலோமீட்டர். ஒரே மாநிலத்தின் இரண்டு ஊர்களுக்கு நடுவே வேறு மாநிலத்தைக் கடந்து போவதே ஓர் அனுபவம். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. அம்மையார் கதையைக் கேட்டு, சாமி மேல் வீசும் மாம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் காலை கடற்கரைப் பக்கம் வரலாம். மீன் வேண்டுமென்றால் படகு கரையேறும் நேரத்துக்கு வாருங்கள். பேரம் பேசத் தெரிந்தவரை அழைத்து வாருங்கள்.

ஊரில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உங்க வார்டு கவுன்சிலர் யாருங்க?" 2011-க்குப் பிறகு ஓட்டுரிமை பெற்ற இளைஞர் என்றால், அப்படி ஒருவருக்கு வாழ்க்கையில் ஒருமுறைகூட ஓட்டுப் போடாதவராக இருப்பார். திரும்பி வந்ததும் உங்கள் வார்டு உறுப்பினர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்றும் யோசியுங்கள். தெரியவில்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கேட்க ஓர் ஆளாவது இருக்கிறார்.