கூரைமேல் ஒரு நீலக்குருவி

ஈப்போவுக்குப் போகிறவர்கள் குனோங் சீரோ அடிவாரத்தில் கல்லுமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, அந்தச் சுண்ணாம்புக்கல் குன்றையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். ஊரைச் சுற்றி இப்படிப் பல குன்றுகள். ஆனால் நான் உங்களை அழைத்துப் போக நினைப்பது குன்றுக்கு அல்ல. அதன் நிழலில் வளர்ந்துவிட்ட தாமான்களுக்கு. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்த நம்மவர் பலர் இன்று குடியிருப்பது இத்தகைய வரிசை வீடுகளில்தானே!

அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போங்கள். காலை ஏழரை மணிக்கு மேல், வெயில் ஏறுமுன், மாடி வீட்டுக் கூரை முகட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். மைனாக்கள் கூட்டமாய்ச் சண்டை போட்டுக் கொண்டிருக்கும். அவற்றோடு சேராமல், மைனாவைவிடச் சற்றுச் சிறிய பறவை ஒன்று தனியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், அங்கேயே நின்றுவிடுங்கள். தலை, மார்பு, முதுகு எல்லாம் மங்கிய நீலம். வயிறு மட்டும் செங்கல் நிறம். சட்டென்று தரையில் இறங்கிப் பூச்சியைக் கவ்விக்கொண்டு, மறுபடி அதே முகட்டுக்கு வரும்.

“மீன்கொத்திடா அது” என்பார் பாட்டி. நீலமும் பழுப்பும் சேர்ந்தால் நமக்கு அந்த நினைவுதான். ஆனால் மீன்கொத்திக்குப் பெரிய சிவப்பு அலகும் வெள்ளைத் தொண்டையும் உண்டு. இதற்கோ மெல்லிய கறுப்பு அலகு.

இது நீலப் பாறைக்குருவி. ஜப்பான், கொரியா, வடகிழக்குச் சீனப் பகுதிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தெற்கே வரும் வகை. எல்லா ஆண்டும் எல்லாத் தாமானிலும் காணக் கிடைக்காது. நம் நாட்டுச் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் ஆண்டு முழுதும் வாழும் உறவுக்காரர் ஒருவரும் இதற்கு உண்டு. அவருக்கு வயிறும் நீலம். ஆகவே வயிற்றைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். தொண்டையிலும் இறக்கையிலும் வெள்ளைத் திட்டு இருந்தால், அது வேறொரு அரிய விருந்தாளி: வெள்ளைத்தொண்டைப் பாறைக்குருவி. பெட்டையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். சாம்பல் கலந்த பழுப்பு, வயிற்றில் செதில் செதிலாகக் கோடுகள்.

பாறையில் வாழும் பறவைக்கு வீட்டுக் கூரையில் என்ன வேலை? அதன் கண்ணுக்கு நம் சிமெண்டுச் சுவரும் பாறைதான். ஜப்பானில் கடலோரத்துப் பாறைகளில் வாழ்ந்த இப்பறவை, உள்நாட்டு நகரங்களின் கட்டடங்களிலும் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. நாமும் இடம் மாறியவர்கள்தாம். அதைக் குறை சொல்வானேன்!

சரி, பார்த்துவிட்டீர்கள். யார் நம்புவார்கள்? பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, மணி, இடம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எதன்மேல் உட்கார்ந்தது, அலகு முதல் வால் வரை என்னென்ன நிறம், குரல் எப்படி, எல்லாம் எழுதுங்கள். பறவைப் புத்தகத்தைத் திறக்குமுன் எழுதுவது முக்கியம். திறந்தபின் எழுதினால், கண்ணால் கண்டதை விட்டுவிட்டுப் படத்தில் உள்ளதை எழுதிவிடுவோம். கூட இருந்தவர் தனியாக எழுதட்டும். கைத்தொலைபேசிப் படம் மங்கலாய் இருந்தாலும் எடுத்து வையுங்கள். 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்தில் பறவை ஆர்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டலாம். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் பெரியவர்கள் எத்தனை பறவைகளைக் கண்டிருப்பார்கள்! ஒன்றுகூட ஏட்டில் ஏறவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். பாடும் பறவை என்றால் கூண்டோடு வருகிறவர்கள் உண்டு. ஆற்றோரங்களில் இனிமையாகப் பாடிய பாராவ்-பாராவ், அந்தக் குரலுக்காகவே பிடிக்கப்பட்டு, 2018இல் உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள பறவையாக அறிவிக்கப்பட்டது.

நம் விருந்தாளி ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். அதற்குள் இறகுகளின் வெளிர் ஓரங்கள் தேய்ந்து, நீலம் பளிச்சென்று தெரியும். சில காலைகளில் மெல்லப் பாடவும் செய்யும். கேட்டால், அந்தத் தேதியையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.