திரையும் தாளும்

டிஜிட்டல் ஓவியம் என்றவுடனே, எல்லாவற்றையும் யந்திரமே செய்துவிடுகிறது, மனிதனுடைய கைக்கு அங்கே வேலையில்லை என்ற அபிப்பிராயம், தூரிகையும் எண்ணெய்ச் சாயமுமாகப் பழகிய என் போன்ற சித்திரக்கலை மாணாக்கரிடம் சற்று அதிகமாகவே உண்டு. சென்னையில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்காக, டேப்லெட்டில் தான் வரைந்த படங்களை அச்சிடப் புறப்பட்ட சக மாணவியோடு திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். அங்கே கண்டவை அந்த அபிப்பிராயத்துக்குச் சிறிதும் இடம் தரவில்லை.

அறையின் பாதியை அடைத்துக்கொண்டிருந்த இங்க்ஜெட் யந்திரத்தில், சாதாரண அச்சுக்குரிய நான்கு வர்ணங்கள் போதாவென்று பத்துக்கு மேற்பட்ட மைகள் வரிசையாக இருந்தன. பருத்திக் கூழால் ஆன கனத்த தாளை, விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிவிடாதபடி வெள்ளைக் கையுறை அணிந்தே அச்சுக்காரர் தூக்குகிறார். 30 அங்குல அகலமும் 40 அங்குல உயரமும் உள்ள படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால், 10 கோடியே 80 லட்சம் புள்ளிகள் வேண்டும். ஆனால் அவற்றையெல்லாம் யந்திரம் பார்த்துக்கொள்ள, மனிதர் இருவரும் மல்லுக்கட்டியது ஒரே ஒரு பச்சையோடுதான்.

சக மாணவியின் படத்தில், அந்திக் கடலோரத்தில் குவிந்து கிடந்தது ஒரு நைலான் வலை. திரையில் ஜொலித்த அதன் பச்சை, சோதனைக்காக அச்சிட்ட துண்டுத் தாளில் பாசி பிடித்தாற்போல் மங்கிக் கிடந்தது.

"இந்தப் பச்சை தாள்ல வராதும்மா. திரை தானே எரியுது, தாள் எரியுமா?"

"அப்போ என்னண்ணே பண்றது?"

"பச்சையைத் தொடாதீங்க. பக்கத்துல இருக்கற கடலை இன்னும் கொஞ்சம் இருட்டாக்குங்க."

அவள் அப்படியே செய்தாள். அடுத்த துண்டு உலர்ந்ததும், எவ்வித மாற்றமும் பெறாத அதே பச்சை, இருண்ட நீலத்தின் அருகே முன்னினும் பிரகாசமாகத் தோன்றிற்று. வர்ணங்களின் சகவாச குணத்தை வகுப்பறையில் பாடமாகக் கேட்டிருந்த நான், அதை ஒரு தொழிலாளியின் யோசனையாகப் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

1894-இல் பம்பாயில் ரவிவர்மா நிறுவிய அச்சகத்தில், அவருடைய சித்திரங்களை வர்ணம் வர்ணமாகப் பிரித்துக் கல்லில் ஏற்றியவர்களும், கோவில்பட்டியில் கொண்டையராஜு தீட்டிய தெய்வங்களைக் காலண்டர்களாக்கி வீடுதோறும் சேர்த்த சிவகாசித் தொழிலாளரும் இவ்விதமே ஆயிரம் யோசனைகள் சொல்லியிருக்க வேண்டும். பெயர் நின்றதோ ஓவியருக்கு மட்டும். இதற்கு மாறாக, 1960-இல் ஜூன் வெய்ன் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கிய டாமரிண்ட் கல்லச்சுப் பட்டறையில், ஓவியரின் கையெழுத்தோடு அச்சுக்காரரின் முத்திரையும் தாளில் பொறிக்கப்பட்டது. டிஜிட்டல் கோப்பாக மட்டும் இருக்கும் படத்துக்கோ மூலப்பிரதி என்று தனியே ஒன்று கிடையாது. பத்தில் மூன்றாவது பிரதி என்று பென்சிலால் எண்ணிட்டுக் காட்சிக்கூடம் விலை கூறுவது, அந்தத் திருவல்லிக்கேணி அறையில் உருப்பெற்ற தாளுக்குத்தான். ஆதலின், படத்தருகே ஒட்டும் சீட்டில் அச்சிட்டவர் பெயரும் இருப்பதே நியாயம்.

இதை அச்சுக்காரரிடமே சொன்னேன். "பேர் கிடக்கட்டும் தம்பி, அங்கே மஞ்சள் பல்பு போட்டு என் நீலத்தைக் கெடுக்காம இருக்கச் சொல்லுங்க" என்றார். கண்காட்சியில் பல்பை மாற்றச் சம்மதித்தார்கள். சீட்டில் இன்னொரு பெயருக்கு மட்டும் இடமில்லை என்றுவிட்டார்கள்.