பத்து மணிக்கு மட்டும் வரும் நோய்

ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அடியோடு நின்றுபோன தறியைச் சரிசெய்வது சுலபம். நாள் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு எப்போதாவது இழை அறுக்கிற தறிதான் உயிரை வாங்கும். மெக்கானிக் வந்து பக்கத்தில் நிற்கும்போது சமர்த்தாக ஓடும்! டேட்டாபேஸ் சர்வர்களுக்கும் இதே குணம் உண்டு.

நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஐ.ஆர்.சி.டி.சி. தட்கல். சேலம் ஜங்ஷனில் ரயில் ஏற வேண்டியவர் காலை 9.45க்குப் பார்த்தால் தளம் நன்றாகவே திறக்கும். 10 மணிக்குச் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். 10.15க்கு மறுபடி எல்லாம் சரியாகிவிடும்... டிக்கெட்தான் இருக்காது.

இந்த மாதிரி நோயைப் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் ஏமாறுவது சராசரியில். நாள் முழுவதற்கும் கணக்கெடுத்தால் சர்வர் சும்மா உட்கார்ந்திருந்ததாகத்தான் தெரியும். தேர்த்திருவிழாக் கூட்டத்தை வருடச் சராசரியில் அளந்தால் தெரு காலியாகத்தானே இருக்கும்? அந்த ஒரு நிமிடத்தை மட்டும் தனியாக எடுத்து, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் பல சமயம் சி.பி.யு.வுக்கு வேலையே இருக்காது. எல்லோரும் ‘லாக்’கில் நிற்பார்கள். ஒரு ரயிலின் தட்கல் இடங்கள் கொஞ்சம்தான். ஒரே படுக்கை இரண்டு பேருக்குப் போகாமலிருக்க, ஒருவருக்கு ஒதுக்கி முடிக்கும்வரை அந்தப் பதிவைப் பூட்டிவைக்க வேண்டும். மற்றவர்கள் வரிசையில். காத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒரு இணைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதால், சும்மா பி.என்.ஆர். பார்க்க வந்தவரும் மாட்டிக்கொள்வார். பொறுமையிழந்து ரெஃப்ரஷ் அழுத்துகிறவர் வரிசையை இன்னும் நீட்டுகிறார். பெரிய மெஷின் வாங்கிப்போட்டால் மட்டும் இது தீராது.

2014இல் புதிய அமைப்பு வந்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. 2015 ஜூனில் செய்ததுதான் இருப்பதிலேயே கெட்டிக்கார வைத்தியம். ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி என்று கூட்டத்தையே பிரித்துவிட்டார்கள். அதற்குப் புது மெஷின் எதுவும் வேண்டியிருக்கவில்லை!

2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. அதற்குப் பிறகுதான் ரயில்வே இன்னொன்றையும் சொன்னது. தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்ளே நுழைய முயல்வதில் பாதிவரை மனிதர்களே அல்ல, தானியங்கி மென்பொருள்களாம். இத்தனை வருடம் சர்வரைத் திட்டினோமே! 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. முதல் அரைமணி நேரம் ஏஜெண்டுகளுக்கும் கதவு மூடப்பட்டது.